அங்குலக் கணக்கு

வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் என்றதும் நாம் சொல்வது ‘ஆறடி பத்து அங்குலம்’. பத்திரிகை மேசையிலிருந்து அத்தகைய தலைப்புகளை நானும் இட்டிருக்கிறேன், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணம் ஈவினையில் பிறந்த அவர், 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடியவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் அவருடையவையே. அவுஸ்திரேலியக் கழகமும் அவரைச் சேர்த்துக்கொண்டது. உயரம் பிறப்பில் வருவது. குறி அவ்வாறு வருவதன்று. 43 வயதிலும் நாடு அவரையே நம்பியது.

பொரளைச் சந்தியில் ஒரு சிறுவனிடம் கேளுங்கள். கிரிக்கெட் வீரர்களின் ஓட்டங்களை ஒப்புவிப்பான்; தர்ஜினியின் உயரத்தை மட்டுமே சொல்வான். பிழை அவனுடையதன்று, எழுதிய எங்களுடையது.