மொட்டைமாடியில் ஓர் எல்லைக்கோடு

டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திரைச் சுற்றியுள்ள அரசு குவார்ட்டர்ஸுகளுக்குத் தமிழ் இரண்டு விதமாக வானிலிருந்து வந்திறங்கியது. சிற்றலையில் முள்ளை மயிரிழை நகர்த்தி இலங்கை வானொலியைத் தேடியது ஒரு தலைமுறை. அந்த ரேடியோவின் முகப்பில் 25, 31, 41 மீட்டர் என்று அலைநீளமே அச்சிட்டிருக்கும். அடுத்த தலைமுறைக்கு மாடியில் டிஷ் வந்தது. அதில் விழும் நுண்ணலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்.

சிற்றலையை அயனி மண்டலம் பூமிக்கே திருப்பி அனுப்பும், நுண்ணலைக்கு வழிவிடும். 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் நம்மோடு பேசுவது அந்த வழியில்தான். இடி இடித்தால் ரேடியோ கரகரத்தது. மழை கொட்டினால் டிஷ் படம் உறைகிறது.

ரேடியோ அலைவரிசை எங்கே முடிகிறது, நுண்ணலை எங்கே தொடங்குகிறது? 300 மெகாஹெர்ட்ஸ் என்பார்கள் சிலர், 1 கிகாஹெர்ட்ஸ் என்பார்கள் வேறு சிலர். எண்ணை மனப்பாடம் செய்து பயனில்லை. அலையின் நீளம் மின்சுற்றிலுள்ள உறுப்பின் அளவுக்குச் சுருங்கும்போது கம்பி வெறும் கம்பியாக இருப்பதில்லை. அதன் நீளமும் வளைவும் சுற்றின் உறுப்பாகிவிடுகின்றன.

டிஷ்ஷின் முன்னால் நிற்கும் எல்.என்.பி.யைப் பாருங்கள். 12 கிகாஹெர்ட்ஸ் அளவில் வரும் அலை சாதாரணக் கேபிளில் சீக்கிரமே தேய்ந்துபோகும். அதனால் அதை அங்கேயே 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கி வீட்டுக்குள் அனுப்புகிறது. எண்ணளவில் இதிலும் பெரும்பகுதி நுண்ணலைதான். ஆனாலும் கேபிளுக்குப் பழகிய அலை.

நுண்ணலை நமக்குப் புதிதல்ல. 1895-ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் நுண்ணலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்கவைத்தார். 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை ஆராய்ந்தார். தொலைதூரச் செய்திக்கு நீண்ட அலையே உதவும் என்று உலகம் மார்க்கோனியின் பின்னால் போனது. 1940-ல் பர்மிங்ஹாமில் உருவான, நுண்ணலையைப் பிறப்பிக்கும் கேவிட்டி மேக்னட்ரான், ரேடாருக்காக உலகத்தை மீண்டும் சென்டிமீட்டர் அலைக்கு இழுத்துவந்தது.

உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சியைக் கைவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மழை விட்டதும் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். எல்.என்.பி.யின் புனல் போன்ற வாயைக் காட்டுங்கள். 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் போஸ் அலையை ஏந்திக் காட்டியதும் ஒரு புனலில்தான்.