எந்த பங்களா நல்லது?

ஆளணியோடு சொகுசுப் படகை வாடகைக்கு எடுத்துக் கடலில் சுற்றுவது பணக்கார உலகத்து விடுமுறை. நம்ம மலையில் அதுக்கு இணை துரை பங்களா. 2005இல் தொடங்கிய சிலோன் டீ ட்ரெயில்ஸ், பொகவந்தலாவைப் பக்கம் பழைய துரைமார் பங்களாக்களைத் திருத்தி, சமையல்காரர், பட்லர் சகிதம் விருந்தினருக்குக் கொடுக்கிறது. இப்போ இப்படியான பங்களாக்கள் மலையில் நிறைய.

இதை எதிர்க்கச் சொல்லவில்லை. கொழுந்துக் கூடையைத் தவிர வேறு வேலையும் நம்ம ஆட்களுக்கு வேணும்தானே? ஆனால் பங்களா தேர்வு செய்றவங்க பார்ப்பது அறை, சாப்பாடு, காட்சி. அந்தக் 'காட்சி'யில் கொழுந்து எடுக்கிற அக்காமாரும் அடக்கம். 2024இல் அவங்களுக்கு நிர்ணயித்த அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய். வீடு என்றால் பலருக்கு இன்னும் பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிரா.

கடலில் வாடகைக்கு ஓடும் பெரிய படகுகளுக்கு ஒரு சட்டம் உண்டு: 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. வேலையாள் தூங்கும் அறை, ஓய்வு நேரம் எல்லாத்துக்கும் அதில் அளவு இருக்கு. மலையில் அந்த அளவை யார் கேட்கிறது?

நாமதான். கொழும்பிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் "எந்த பங்களா நல்லது?" என்று கேட்டால், புக் பண்ண முன்னாடி மூணு கேள்வி கேட்கச் சொல்லுங்க. சர்வீஸ் சார்ஜ் வேலையாட்களுக்குப் போகுதா? அவங்க எங்கே தூங்குறாங்க? தோட்டத்துப் பிள்ளைகள் மேனேஜர் நாற்காலியிலும் இருக்காங்களா, குசினியில் மட்டுமா?

பதில் சொல்லத் தயங்காத பங்களாதான் நல்ல பங்களா.