பைக் ஓட்டுபவர் மேல் விழும் பழி

விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. "பறந்துக்கிட்டு வந்திருப்பான்." சாலையில் கிடப்பவர் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியவரா, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவரா என்று யாரும் கேட்பதில்லை. பைக் என்றால் வேகம், வேகம் என்றால் திமிர், திமிருக்கு இதுதான் முடிவு என்று ஒரு கணக்கு எல்லோர் மனதிலும் தயாராக இருக்கிறது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். நூற்றுக்கு 44 பேருக்கும் மேல். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். இத்தனை சாவுக்கும் செத்தவரின் திமிரைக் காரணம் காட்டுவது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம். உயிரோடிருப்பவருக்கு அதைவிடப் பெரிய கேடு. பைக் ஓட்டுபவர்களிடம் உயிரைப் பறிக்கும் பழக்கங்கள் உண்டு. ஆனால் ஊர் திட்டுகிற பழக்கங்கள் வேறு, கொல்கிற பழக்கங்கள் வேறு.

முதல் குற்றச்சாட்டு வேகம். அதற்குச் சாட்சியாகக் காட்டப்படுவதும் அரசு அறிக்கைதான். 2022ஆம் ஆண்டு மரணங்களில் 71 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம் என்கிறது அது. இந்த எண் காவல் நிலையத்தில் பிறக்கிறது. விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாகியிருக்கும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து." எந்த ஊர், எந்த வண்டி, எந்த நேரம் என்றாலும் அது மாறாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகளானாலும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகளானாலும், ஓட்டியவரின் அஜாக்கிரதை இருந்தால்தான் வழக்கு நிற்கும். அதனால் அந்தச் சொற்கள் அறிக்கையில் ஏறிவிடுகின்றன. டயர் தேய்ந்த தடத்தை டேப் பிடித்து அளந்து, மோதிய வேகத்தைக் கணக்குப் போட்டு எழுதியவை அல்ல அவை. அதோடு, அந்த 71 சதவீதம் யாருடைய வேகம் என்பதும் முக்கியம். ஓரமாகப் போன மொபெட்டை வேகமாக வந்த லாரி இடித்துத் தள்ளினாலும் அந்தச் சாவு "அதிவேகம்" என்ற அதே பத்தியில்தான் போய் உட்காரும்.

அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தது. விபத்துக்குச் சற்று முன் அந்த பைக்குகள் போன வேகத்தின் நடுமதிப்பு மணிக்குச் சுமார் 48 கி.மீ.; மோதிய கணத்தில் சுமார் 35 கி.மீ. இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு உரிய வழியில் குறுக்கே வந்தது அந்த வாகனம்தான். பைக் வந்ததையே பார்க்கவில்லை என்பதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். 1999–2000இல் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை எடுத்துக்கொண்ட மெய்ட்ஸ் ஆய்விலும் இதே கதைதான். முதன்மைக் காரணம் மற்ற வாகன ஓட்டுநரின் தவறு என்று முடிவானது பாதியில்; பைக் ஓட்டியவரின் தவறு என்று முடிவானது 37 சதவீதத்தில். மற்ற ஓட்டுநர்கள் செய்த தவறுகளில் 70 சதவீதத்துக்கும் மேல், பைக்கைக் கண்ணில் வாங்காததால் வந்தவை. பைக் உரிமமும் வைத்திருந்த கார் ஓட்டுநர்கள் இந்தத் தவறைக் குறைவாகச் செய்திருக்கிறார்கள். பைக்கில் போய்ப் பழகிய கண் பைக்கைத் தேடுகிறது.

லாஸ் ஏஞ்சலஸ் வேறு, உளுந்தூர்பேட்டை வேறு என்று ஒருவர் சொல்லலாம். வேறுதான். அங்கே எதிரே வந்தது பெரும்பாலும் கார். இங்கே லாரி, பஸ், தண்ணீர் டேங்கர், கரும்பு டிராக்டர். பார்க்கத் தவறும் ஓட்டுநர் இருக்கும் இடம் உயரமாகி, மறைவிடம் பெரிதாகி, மோதும் எடை பல மடங்காகிறது. பைக் கண்ணில் படுவதில்லை என்பதை இந்திய அரசே ஒப்புக்கொண்டுதான் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இரு சக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்று விதி செய்தது.

அடுத்தது, விடலைப் பையன்களின் வீலிங். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்க முயன்று ஒரு யூடியூபர் தூக்கியெறியப்பட்டார். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. செய்தித் தொலைக்காட்சிகள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டின. தண்டனை சரியானதே, அப்படிப்பட்டவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டுச் சாலையில் ஓடுவது லட்சக்கணக்கில் விலை போகும் பந்தய பைக் அல்ல. 97 சிசி ஸ்பிளெண்டர், இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும் எக்ஸ்எல், முன்னால் மளிகைப் பை வைத்த ஸ்கூட்டி. ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 1980இல் வந்தபோது குடும்பத்துக்கு ஒரு வண்டி என்ற ஆசையை அது நிறைவேற்றியது. அதன் வழிவந்த எக்ஸ்எல்லில் இன்றும் கீரைக்கட்டும் மீன்கூடையும் போகின்றன. 2022இல் சாலையில் இறந்தவர்களில் 83 சதவீதம் பேர் 18 முதல் 60 வயதுக்குள் இருந்தவர்கள், அதாவது தினமும் வேலைக்கு வண்டி எடுத்தாக வேண்டியவர்கள். வீலிங் செய்கிறவர் கேமராவில் பதிவாகிறார். இவர்கள் பதிவாவதில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் கனமானது: உயிர் மேல் அக்கறை இல்லாததால்தானே ஹெல்மெட் போடுவதில்லை? இதில் மழுப்ப இடமில்லை. 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். ஹெல்மெட் அணிந்தால் மரணம் சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2008இல் சொன்னது. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு போவதும், போலீஸ் நிற்கும் சிக்னலில் மட்டும் தலையில் கவிழ்ப்பதும், வாரைப் பூட்டாமல் தொங்கவிடுவதும் கொல்கிற பழக்கங்கள்தான்.

ஆனால் அந்த 50,029 பேரைப் பிரித்துப் பார்த்தால் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். மடியில் குழந்தையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் மனைவி, ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மா, பள்ளிப் பையைக் கட்டிக்கொண்டிருக்கும் மகள். இவர்களிடம் என்ன திமிர்? ஹெல்மெட் போடாததற்கு வீட்டில் சொல்லப்படும் காரணமும் வீரம் அல்ல. "பக்கத்துலதான, கடைக்குத்தான்" என்பார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போவது ஆபத்தில்லை என்ற தப்புக்கணக்கு அது. கணக்கைத் திருத்த முடியும் என்பதற்கு 2015 சாட்சி. அந்த ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஜூலை 1 முதல் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று உத்தரவிட்டது. கடைகளில் ஹெல்மெட் தட்டுப்பாடே வந்தது. பிடிவாதமான அலட்சியம் என்றால் ஒரு மாதத்தில் கடைவாசலில் வரிசை நிற்காது. பிடி தளர்ந்தபோது பழக்கமும் தளர்ந்தது.

தமிழ்நாட்டுச் சாலையில் பைக் ஓட்டும் யாருக்கும் தெரிந்த இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டாண்டை மடக்காமல் ஒருவர் வண்டியை எடுத்தால், இரண்டு தெரு தாண்டுவதற்குள் முன்பின் தெரியாத நாலு பேர் "அண்ணே, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்துவார்கள். ஒரு பெண்ணின் துப்பட்டா பின்சக்கரத்தை நோக்கிப் பறந்தால், எதிர்த் திசையில் போகும் ஆள்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து "அக்கா, துப்பட்டா" என்று சொல்லிவிட்டுப் போவார். பகலில் விளக்கு எரிந்தால் விரல்களை விரித்து மூடிக் காட்டுவார்கள். எப்போதும் எரியும் விளக்கு வந்து இத்தனை ஆண்டு ஆகியும் அந்தக் கை இன்னும் நிற்கவில்லை. யார் உயிரும் பொருட்டில்லை என்று நினைக்கிற கூட்டம் இப்படி நடந்துகொள்ளாது. கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தை இந்த மக்கள் விடாமல் கவனிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

அதில் மிகப் பெரியது பிரேக். "முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி அடிச்சிடும்" என்பது அப்பா மகனுக்கும் அண்ணன் தங்கைக்கும் வண்டி பழக்கும்போது சொல்லும் முதல் பாடம். அன்பும் எச்சரிக்கையும் கலந்த பாடம்தான். ஆனால் தப்பான பாடம். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன்டயர் சாலையில் அழுந்துகிறது, பின்டயர் லேசாகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு 14 மீட்டர். ஹர்ட் அறிக்கையின்படி விபத்தைத் தவிர்க்க பைக் ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் கால் தன் பழக்கப்படி பின் பிரேக்கைத் தேடும். லாஸ் ஏஞ்சலஸிலும் இதுதான் நடந்தது: பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமல் மோதியிருக்கிறார்கள். அவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ குடும்பத்தார், நண்பர்களிடமோ வண்டி பழகியவர்கள்.

இங்கே உரிமம் தரும் சோதனை என்ன கேட்கிறது? எட்டு போடச் சொல்கிறது. ஆர்.டி.ஓ. மைதானத்தில், கால் ஊன்றாமல், நடக்கும் வேகத்துக்குச் சற்றே கூடுதலாக எட்டு போட்டால் போதும். திடீரென்று நாய் குறுக்கே வந்தால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து எப்படிப் பிடிப்பது, மணல் கிடக்கும் வளைவில் என்ன செய்வது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. 2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும், அதற்குக் குறைந்தவற்றில் ஒன்றைப் பிடித்தால் இரண்டும் பிடிக்கும் கூட்டு பிரேக்கும் கட்டாயமாகின. நல்ல காரியம். ஆயினும் அதற்கு முந்தைய வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன, பழைய பாடமும் வீட்டுக்கு வீடு தொடர்கிறது.

குடி பற்றிய குற்றச்சாட்டுக்கு மறுப்பு இல்லை. ஹர்ட் பார்த்த உயிரிழப்பு விபத்துகளில் ஏறக்குறைய பாதியில் மது இருந்தது. தனியாகச் சறுக்கி விழுந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டியவரின் தவறே. குடித்துவிட்டு வண்டி எடுக்கிறவருக்காக யாரும் வாதாட வேண்டியதில்லை.

கடைசியாக, தப்பான திசையில் வருகிறவர்கள். நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் ஓரமாக வரும் மொபெட்டைப் பார்த்துக் கார்க்காரர்களுக்குக் கோபம் வருகிறது. அந்தச் சாலை ஒரு கிராமத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல். நடுத் தடுப்பில் வழி வேண்டுமென்றால் கிலோமீட்டர் கணக்கில் போய்த் திரும்பி வர வேண்டும். சர்வீஸ் ரோடு பாதியில் முடிந்துவிடுகிறது. காலையில் ஆறு நடை போகிற விவசாயி ஒவ்வொரு நடைக்கும் அவ்வளவு பெட்ரோல் செலவழிக்க மாட்டார் என்பது சாலையை வரைந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விவசாயி செய்வது ஆபத்தான காரியம். ஆனால் அந்த ஆபத்துக்கு வரைபடத்திலேயே இடம் விடப்பட்டது.

சாலையே கொன்ற சாவுகளும் உண்டு. 2013 முதல் 2017 வரை பள்ளங்களால் 14,926 பேர் இறந்ததை உச்ச நீதிமன்றம் 2018இல் எடுத்துச்சொல்லி, இதை ஏற்க முடியாது என்றது. பள்ளத்தைத் தவிர்க்க ஸ்கூட்டர் வளைந்து போவதைப் பின்னால் வரும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் தறுதலைத்தனமாகத்தான் தெரியும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து ஸ்கூட்டரில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மேல் விழுந்தது. கீழே விழுந்தவர் மேல் தண்ணீர் லாரி ஏறியது. அவருடைய ஓட்டும் பழக்கத்தில் என்ன குறை கண்டுபிடிக்க முடியும்?

பழி எங்கே விழுகிறது என்பது வெறும் பேச்சு அல்ல, அது குடும்பத்தின் சோற்றைத் தொடுகிறது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனபோது பின்னால் வந்த கார் இடித்து ஒருவர் இறந்த டெல்லி வழக்கில், மூன்று பேர் போனதே தவறுதானே என்று உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 10 சதவீதத்தைக் குறைத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விதியை மீறினார் என்பது மட்டும் போதாது. அந்த மீறலால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் பெரிதானது என்று காட்ட வேண்டும் என்றது.

விபத்துக்கு உண்மையில் எது காரணம் என்ற அந்தக் கேள்வியை ஒவ்வொரு விபத்திலும் கேட்பதற்கான வசதி இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, தேசிய தகவல் மையம் செயல்படுத்தும் ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் முதலில் அமலான ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இன்ஸ்பெக்டர் மட்டுமல்லாமல் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரும் அந்த இடத்துக்குப் போய்ச் சாலையில் என்ன குறை என்று அதில் பதிய முடியும். ஒரு பைக் மரணத்தில் "அதிவேகம்" என்ற பத்தி நிரம்பி, பொறியாளரின் பத்தி காலியாக இருந்தால் அந்த வழக்கை முடிக்கக் கூடாது. பொறியாளர் எழுதியதை இறந்தவரின் குடும்பம் கேட்டு வாங்கிப் படிக்கவும் வழி வேண்டும்.