உங்க ஊர் பிரியாணியா, எங்க ஊர் பிரியாணியா?



திருச்சி கைலாசபுரத்தில் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். இலையில் இரண்டாவது கரண்டி விழுவதற்குள் வழக்கு தொடங்கிவிடும். "இதெல்லாம் ஒரு பிரியாணியா? ஆம்பூருக்கு வாங்கண்ணே, காட்டுறேன்" என்பார் ஒருவர். "காஞ்ச மிளகாயை அரைச்சு ஊத்திட்டா ஆச்சா? திண்டுக்கல்லுல சீரகச் சம்பா அரிசி, தயிர், எலுமிச்சம்பழப் புளிப்போட தம் போட்டு எடுப்பாங்க, சாப்பிட்டிருக்கியா தம்பி?" என்று எதிர்வரிசையிலிருந்து பதில் வரும். "ரெண்டு பேரும் சோத்தை விடுங்க. கோழியைப் பத்திப் பேசலாமா?" என்று ஈரோட்டுக்காரர் உள்ளே நுழைவார். மசாலாப் பொடி எதுவும் போடாமல், விதை உதிர்த்த காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லுமாக வதக்கி எடுக்கும் பள்ளிபாளையம் சிக்கன் அவர் கட்சி. பந்தி முடிந்து கை கழுவிய பிறகும் தீர்ப்பு வந்திருக்காது. வரவும் கூடாது என்பதுதான் எல்லோருடைய விருப்பமும்.

இந்த வழக்கு கைலாசபுரத்தில் இவ்வளவு சூடாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965-இல் இங்கே தொடங்கியது. நம்மூர் வாயில் இன்றும் அது 'பாய்லர் பிளான்ட்'தான். வேலைக்கு வந்தவர்கள் பல மாவட்டத்துக்காரர்கள், பல மாநிலத்துக்காரர்கள். குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தது; அடுப்பங்கரைகள் மட்டும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் அடுத்த வீட்டில் கோங்கூரா வதங்கும். சுவருக்கு மேலே கிண்ணங்கள் கைமாறின. கிண்ணத்தோடு பெருமையும் போனது. பெருமையோடு போட்டியும் வந்தது.

போட்டி சாப்பாட்டோடு நிற்கவில்லை, இயந்திரத்துக்கும் வந்தது. திருச்சியில் பழைய பெருமைக்காரர்கள் பொன்மலைக்காரர்கள். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது 1928-இல். நீலகிரி மலை ரயிலுக்காக 2011-இல் புதிதாக ஒரு நீராவி எஞ்சினையே செய்து அனுப்பியவர்கள் அவர்கள். உலகம் நீராவியைக் கைகழுவிப் பல காலம் ஆன பிறகு, பல்சக்கரம் பிடித்து மலையேறும் எஞ்சினைத் தங்கள் கையால் உருவாக்கினார்கள். "குன்னூர் வரைக்கும் மலையேறுறது எங்க எஞ்சின்" என்று பொன்மலைக்காரர் சொன்னால் அதில் ஒரு சொல்கூட மிகையில்லை. பாய்லர் பிளான்ட்காரர் விடுவாரா? "எஞ்சினுக்கு உள்ளே இருக்கிறதும் பாய்லர்தானே? தூத்துக்குடியிலயும் மேட்டூர்லயும் எங்க பாய்லர் கொதிச்சாத்தான் உங்க பணிமனையில லைட் எரியும்" என்பார்.

இந்தப் பேச்சின் அடியில் இருப்பது வெறும் வாய்ச்சவடால் அல்ல. அனல் மின் நிலையக் கொதிகலன் ஒன்றில் ஆயிரக்கணக்கான குழாய்கள். அவற்றை இணைக்கும் வெல்டிங் இணைப்புகளும் அப்படியே. முக்கியமான இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மருத்துவர் எலும்பு முறிவைத் தேடுவதைப்போல அந்தப் படத்தில் ஒரு புள்ளியை, ஒரு கோட்டைத் தேடுவார்கள். ஊசிமுனைத் துளை ஒன்று விட்டுப்போனாலும் பின்னொரு நாள் அதன் வழியே நீராவி சீறும். மொத்த யூனிட்டையும் நிறுத்த வேண்டியிருக்கும். 1975-இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் திருச்சியில் அமைந்தது சும்மா இல்லை. இப்படி வேலை செய்கிற ஒருவர் தன் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் உரக்கப் பேசினால், அது அவர் சம்பாதித்த உரிமை.

சாப்பாட்டிலும் இயந்திரத்திலும் கட்சி கட்டும் இதே குணம் விமானிகளிடமும் உண்டு. அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுபவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவே பக்கத்து ஊர் விமானத் தளத்துக்குப் பறந்து போவார்கள். எரிபொருள் செலவையும் சேர்த்து அதற்கு 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்று பெயர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் சண்டை பார்பெக்யூவுக்குத் தாவும். டெக்சாஸ்காரருக்கு உப்பும் மிளகும் தடவி மணிக்கணக்கில் விறகுப் புகையில் வெந்த மாட்டு நெஞ்சுக்கறி. கரோலினாக்காரருக்கு வினிகர் புளிப்பேறிய பன்றிக்கறி. கான்சாஸ் சிட்டிக்காரருக்குத் தக்காளி சாஸ் கெட்டியாகப் பூசிய இனிப்புக்கறி. அது ஓய்ந்தால் தொழிலதிபர்களை ஏற்றிச் செல்லும் சிறிய ஜெட்களின் முறை. செஸ்னாவையும் லியர்ஜெட்டையும் உலகுக்குக் கொடுத்த விச்சிட்டாவின் பக்கம் ஒரு கட்சி, கல்ஃப்ஸ்ட்ரீமின் ஊரான சவானாவின் பக்கம் ஒரு கட்சி.

நம் திருச்சி விமான நிலையத்திலும் ஏர்பஸ், போயிங், ஏடிஆர் எல்லாம் வந்து இறங்குகின்றன. ஏர்பஸ், போயிங் விமானிகளின் சீண்டலிலும் சாப்பாட்டுக்கு ஓர் இடம் உண்டு. ஏர்பஸ் ஏ320-இல் கட்டுப்பாட்டுப் பிடி பக்கவாட்டில் இருப்பதால், விமானியின் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு சிறு மேசை இருக்கிறது. போயிங் 737-இல் அந்த இடத்தில் கட்டுப்பாட்டுத் தண்டு நிற்கும். சாப்பாட்டுத் தட்டை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். "நாங்க டேபிள் போட்டுச் சாப்பிடுறோம்" என்பார் ஏர்பஸ்காரர். "நாங்க விமானம் ஓட்டுறோம்" என்பார் போயிங்காரர்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அங்கே கட்சி கிடையாது. 2024 அக்டோபர் 11 மாலை நமக்கெல்லாம் நினைவிருக்கும். சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறு காரணமாகத் திருச்சி வானில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தது. உள்ளே 140-க்கும் மேற்பட்ட உயிர்கள். மொட்டைமாடிகளில் நின்று ஊரே வேண்டிக்கொண்டது. எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, அந்த விமானிகள் பூப்போலத் தரையிறக்கினார்கள். அது போயிங்கா ஏர்பஸ்ஸா என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்?

வாதாடுவதற்கு ஒரு தகுதி வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஆம்பூர் பிரியாணியை உண்மையிலேயே குறைசொல்ல வேண்டுமானால், முதலில் அதை ஆசையாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். கூட வரும் எண்ணெய்க் கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். கைலாசபுரத்துப் பந்திச் சண்டையில் வெறுப்பு இல்லாததற்குக் காரணம் இதுதான். எதிராளியின் கைப்பக்குவம் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம்.

வேற்றூர்க்காரர்களோடு உட்கார்ந்து உண்ணும் இந்த விருந்துக்குச் சோழநாடு பழக்கப்பட்டது. உறையூரோடு நாம் சேர்த்துச் சொல்லும் கரிகாலன், தன்னைத் தேடி வந்த கலைஞர்களுக்குக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை ஊட்டிய செய்தி பொருநராற்றுப்படையில் இருக்கிறது. தின்று தின்று, நிலத்தை உழுத கொழுப்போல அவர்களுடைய பல் மழுங்கிவிட்டதாம். காவிரிக்கு நடுவே ஸ்ரீரங்கத்தில் அரங்கனுக்கு அக்காரவடிசலும் உண்டு. அரங்கன்மேல் அன்பு கொண்டதாகச் சொல்லப்படும் சுல்தான் மகள் துலுக்க நாச்சியாரின் நினைவாக ரொட்டியும் வெண்ணெயும் உண்டு. வேறொரு வீட்டிலிருந்து வந்தவளின் உணவு இங்கே தெய்வத்தின் முன்னால் வைக்கப்படுகிறது. நம் ஊர் கற்றுத்தரும் பாடம் இது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை வைத்து அவர் யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று எடைபோடும் வழக்கம் நம்மிடையே ஒழியவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். "எங்க ஊர் பிரியாணிதான் ஒசத்தி" என்பது விளையாட்டு. "இதையெல்லாமா சாப்பிடுவீங்க?" என்பது அவமதிப்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

அதனால் இந்த மாதம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி வேண்டாம். நீங்கள் காலமெல்லாம் வம்பிழுத்து வந்த எதிர்க்கட்சியின் சாப்பாட்டைப் புகழ்ந்து எழுதுங்கள். திண்டுக்கல்காரர் ஆம்பூரைப் பற்றி எழுதட்டும். பொன்மலைக்காரர் பாய்லர் பிளான்டின் ஒரு நல்ல வேலையைப் பற்றி எழுதட்டும். பாய்லர் பிளான்ட்காரர் மலை ரயில் எஞ்சினைப் பற்றி எழுதட்டும். விமானி வாசகர்கள் யாரேனும் இருந்தால், தாங்கள் ஓட்டாத விமானத்தைப் பாராட்டி நான்கு வரி அனுப்பட்டும். நல்ல கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். கூடவே சமையல் குறிப்பையும் எழுதி அனுப்புங்கள். உப்பு, காரம் அளவு மறக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்