தொய்ந்து கிடக்கும் பிஞ்சுக் கை



பிரசவத்தின்போது தலை வெளிவந்த பின் பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்வதுண்டு. அவ்வேளை கழுத்து இழுபட்டால் கைக்குச் செல்லும் நரம்புகள் காயப்படும். ஒரு கை உட்பக்கம் திரும்பி, தொய்ந்து கிடக்கும். இதனை எர்ப்ஸ் வாதம் என்பர். நிறை கூடிய பிள்ளைகளுக்கும், சீனி வருத்தமுள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கும் இது நேர வாய்ப்பு அதிகம்.

"நாற்பது கழியட்டும், எண்ணெய் தேய்த்தால் சரியாகும்" என்பார் மூத்தம்மா. பெரும்பாலான பிள்ளைகள் தேறுவது உண்மைதான். எனினும் மூன்று மாதமாகியும் முழங்கை மடங்காவிட்டால் விசேட வைத்திய நிபுணரிடம் காட்டியே ஆகவேண்டும்.

இது வைத்தியரின் தவறா? எப்போதும் அல்ல. தோள் சிக்குமென முன்கூட்டி அறிவது கடினம். சிக்கிய பின் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. "நஸீபு" என்று சொல்லிவிட்டு அதைக் கேட்காமலே இருந்துவிடுகிறோம். கேட்பது பொறுமைக்கு மாறானதல்லவே!

வழக்கு இலகுவானதல்ல. கவனக்குறைவைக் காட்டினால் மட்டும் போதாது. அதனால்தான் தீங்கு விளைந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். 2001இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு குழந்தையின் வழக்கு இந்த இடத்திலேயே தோற்றது. ஆகவே கிளினிக் அட்டையையும், துண்டு வெட்டும்போது தரும் காட்டையும் பத்திரப்படுத்துங்கள். அரச ஆஸ்பத்திரிப் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம்.

நட்டஈடு கோரப் பொதுவாக இரண்டு வருடமே தவணை. பிள்ளை சிறுவயதென்பதால் அது நீளக்கூடும். அதை நம்பித் தாமதிக்காதீர்கள். அரசுக்கெதிரான வழக்காயின், சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.