காலையில் எழ மறுக்கும் பிள்ளைகள்... லாக்டௌன் மாற்றிய தூக்கமும் பசியும்!

"இன்னும் அஞ்சே நிமிஷம்மா..."

2021 நவம்பர் 1-ம் தேதி பள்ளி திறந்தபோது பல வீடுகளில் பொழுது இந்தக் குரலோடுதான் விடிந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள் 19 மாதங்களுக்குப் பிறகு பள்ளிக்குப் போனார்கள். எழுப்புவது ஒரு போராட்டம் என்றால், எழுந்த பிள்ளையை ஒரு இட்லியாவது சாப்பிட வைப்பது அடுத்த போராட்டம். இரண்டும் தனித்தனிப் பிரச்னை அல்ல.

லாக்டௌனில் என்ன நடந்தது? ஆன்லைன் வகுப்புக்குப் பல்கூடத் துலக்காமல் போன் முன்னால் உட்கார்ந்தால் போதும். காலை டிபன் பதினொரு மணிக்கு நகர்ந்தது. மதியச் சாப்பாடு மூன்றரைக்கு. ராத்திரி பத்து மணிக்கு தோசை. பன்னிரண்டு மணிக்கு மறுபடி பசிக்க, நூடுல்ஸ் அல்லது மிக்சர். நள்ளிரவில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளைக்குக் காலை ஏழு மணிக்கு எப்படிப் பசிக்கும்?

இத்தாலியின் வெரோனா நகரில் 2020 லாக்டௌனின்போது, உடல் பருமன் உள்ள 41 பிள்ளைகளை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மூன்றே வாரங்களில் நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கூடியிருந்தது. சிப்ஸ், இனிப்பு பானங்கள் அதிகரித்தன. டிவி, போன் பார்க்கும் நேரம் நாளுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஏறியது. ஆச்சர்யம் என்னவென்றால், தூக்கம் குறையவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் கூடியிருந்தது! 41 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும், 'அதான் நல்லா தூங்குறானே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பது புரிகிறது.

தூக்கம் குறைந்தால் கதை இன்னும் மோசம். 2004-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த நாள்களோடு ஒப்பிட்டால், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவிகிதம் கூடியிருந்தது. 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவிகிதம் குறைந்திருந்தது. அவர்கள் மனம் தேடியது இனிப்பையும் உப்புத் தின்பண்டங்களையும்தான். ராத்திரி கண்விழிக்கும் பிள்ளை கேரட்டைக் கேட்காமல் சிப்ஸைக் கேட்பதை வெறும் அடம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

சத்துணவை நம்பியிருந்த வீடுகளின் கதை வேறு. அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தைச் சொன்னதே பள்ளி மணிதான். பள்ளி மூடியபோது அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வந்தன. சூடான சாப்பாடும் அந்த நேர ஒழுங்கும் வரவில்லை.

சரி, எப்படி மாற்றுவது? 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஆறரைக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்காவது தூங்கியிருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் படுத்தவரை ஒரே நாளில் ஒன்பதரைக்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டுதான் இருப்பார். அதனால், முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். எழுந்ததும் பத்து நிமிடம் மொட்டைமாடி வெளிச்சம். படுக்கும் நேரத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்தலாம். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் ஹாலில் சார்ஜுக்குப் போய்விட வேண்டும், அப்பாவின் போனும் சேர்த்து!

அதுவரை காலையில் பசிக்கவில்லை என்றால் வாயில் திணிக்க வேண்டாம். ஒரு வாழைப்பழம் போதும். இட்லியை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டால், இடைவேளையில் தானாகக் காலியாகிவிடும்.