கித்தான் கொட்டகையின் நிறம்

முதல் உலகப் போர்க் காலப் புகைப்படங்களில் எல்லோரும் விமானத்தைப் பார்ப்பார்கள். என் கண் பின்னால் நிற்கும் கித்தான் கொட்டகைக்குத்தான் போகும். ஆவடிக்காரர்களுக்கு அது இயல்பு. சிப்பாய்களின் உடுப்பைத் தைக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961 முதல் இங்கே இருக்கிறது. துணியின் ஆயுளைப் பற்றிப் பேசாத தெரு இல்லை.

அந்தப் படங்களில் அதிகம் தென்படுவது பிரான்சில் உருவான பெஸ்ஸோனோ கொட்டகை. மரச் சட்டம், மேலே கித்தான். பிரித்து எடுத்துப் போய் அடுத்த களத்தில் கட்டிவிடலாம். உள்ளே நின்ற விமானமும் மரமும் துணியும்தான். 1915 டிசம்பரில் பம்பாயில் வந்திறங்கிய பிரிட்டனின் 31ஆவது ஸ்குவாட்ரன், இந்தியாவுக்கு வந்த முதல் ராணுவ விமானப் பிரிவு. அது ரிசல்பூருக்குக் கொண்டுபோன பி.இ.2சி விமானங்களின் இறக்கைகளும் துணி போர்த்தியவையே.

இந்தத் துணிகளின் நிறம் அழகுக்காக வந்ததல்ல. சாயமிடாத கித்தான் வெளிர் பழுப்பு. செம்புக் கரைசலில் பதப்படுத்திய வில்லெஸ்டன் கித்தான் பச்சை. செம்பு பூஞ்சையை அண்டவிடாது. விமானத் துணிக்கு அடித்த பி.சி.10 என்ற பூச்சு காக்கிப் பச்சை; வெப்ப நாடுகளுக்கான பி.சி.12 பூச்சு செம்பழுப்பு. அவற்றில் கலந்த இரும்பு ஆக்சைடு, புற ஊதாக் கதிர் நூலைத் தொடாமல் தடுத்தது. அந்தக் கதிர் சாயத்தை வெளுக்கச் செய்யும், நூலையும் இற்றுப்போகச் செய்யும். நிறம் போன துணி பலமும் போன துணி.

வெளுப்பும் ஒரே சீராக வராது. கூரை முதலில் வெளுக்கும். இறவாண நிழலில் பழைய நிறம் தங்கும். தரையை ஒட்டிய ஓரத்தில் சேறும் பூஞ்சையும் ஏறும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நிற்கும் லாரிகளின் தார்ப்பாயைப் பாருங்கள், இதே கதைதான். ஆகவே, அருங்காட்சியகத்துக்கு மாதிரி செய்பவர்கள் கொட்டகை முழுவதற்கும் ஒரே பச்சையை அடித்தால் அது தவறான வரலாறு.

புகைப்படமும் முழுச் சாட்சி ஆகாது. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோக்ரோமேட்டிக் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது; செம்பழுப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், நீலம் வெளிறும். உண்மையான நிறத்தைத் துணிதான் சொல்லும், அதுவும் வெயில் படாத தையல் மடிப்புக்குள்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் ஓய்வுபெற்ற படையினரும் தையல் தொழிலாளர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய கூடாரத் துணியோ விமான உறையோ கிடந்தால் அப்படியே கழித்துவிடாதீர்கள். ஒரு சாண் தையல் மடிப்பை வெட்டி, எந்த ஊர், எந்த ஆண்டு என்று சீட்டெழுதி, வெளிச்சம் படாத காகித உறையில் போட்டு வையுங்கள். பின்னால் வரும் ஆய்வாளருக்கு நூறு படங்களைவிட அந்த ஒரு துண்டு உதவும்.